பாராட்டே என்று நான் சொன்னது

அன்றைக்கு வீட்டில் இருந்தவர்கள் இவர்கள்தான்: அம்மா, நான், நாங்கள் மாஷிமா என்று கூப்பிடும் கீழ்வீட்டு வங்காளி அம்மாள், குடியிருப்பு ஆபீசிலிருந்து வந்த இரண்டு பேர். அந்த இரண்டு பேரில் ஒருவர் கேட்டார், மற்றவர் எழுதினார். மொத்தம் ஐந்து பேர். அக்கா இல்லை, கரியாஹாட்டில் தையல் வகுப்புக்குப் போயிருந்தாள். அப்பாவைச் சேர்ப்பதா வேண்டாமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அவர் படம் மாலையோடு அரிசி டின்னுக்குப் பின்னால், சுவரைப் பார்த்தபடி நின்றது. கீழே ஜீப் சத்தம் கேட்டதும் அம்மாதான் அதை ஆணியிலிருந்து கழற்றி அங்கே செருகினாள்.

இந்தப் பட்டியலை நான் எத்தனையோ தடவை போட்டுப் பார்த்திருக்கிறேன். அக்கா கூட இருந்திருந்தால், அல்லது நான் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால், அந்த வீடு எங்களிடமே இருந்திருக்கும். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. மற்ற எல்லாவற்றிலும் சந்தேகம் உண்டு.

காளிகாட்டில் கால்வாயை ஒட்டி, தொழிலாளிகளுக்கென்று அரசாங்கம் கட்டிவிட்ட நாலு மாடிக் கட்டடங்கள். எங்களுடையது இரண்டாம் மாடி. ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் உள்ளே போகவேண்டிய ஒரு பால்கனி. மாதம் முப்பத்திரண்டு ரூபாய் வாடகை. அப்பாவுக்குத் துறைமுகத்தில் சரக்கு எண்ணி எழுதுகிற வேலை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, வரிசையில் நின்று, ஆறு வருஷம் காத்திருந்து வாங்கின வீடு. வீட்டு அட்டை அவர் பேரில். எனக்குப் பதினைந்து வயதாகும்போது ஒரு காய்ச்சலில் போய்விட்டார். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்திக்கொண்டு பவானிபூரில் ஒரு காகிதக் கடையில் சேர்ந்தேன்.

அப்போதிருந்த விதி, அட்டைக்காரர் செத்தால் அட்டையும் செத்தது. குடும்பம் காலி பண்ண வேண்டும். ஆனால் யாரும் காலி பண்ணியதில்லை. மாதாமாதம் வாடகை வசூலிக்க ஒரு பெரியவர் வீடு வீடாக வருவார். கையில் குடை, அக்குளில் ரசீதுப் புத்தகம், காதில் பென்சில். அக்காவும் நானும் அவரை வங்காளியில் காக்கு, சித்தப்பா, என்போம். அப்பா போன மறுமாதம் அம்மா அழுதுகொண்டே அட்டையை நீட்டியபோது அவர் அதைத் திருப்பி அம்மா கையிலேயே வைத்து மூடினார். அவர் பேசினது வங்காளியில்.

"உங்க வீட்டுக்காரர் ஆபீசுக்குச் சாகலை. புரியுதா? நான் அவர் பேருக்கு ரசீது கிழிப்பேன், நீங்க பணம் குடுங்க. யாராவது வந்து கேட்டா ஊருக்குப் போயிருக்கார்னு சொல்லுங்க. இந்த பிளாக்கில இப்படி ஊருக்குப் போனவங்க நிறைய பேர் இருக்காங்க."

அவர் அதைச் சிரிக்காமல்தான் சொன்னார். அப்பா அப்படி ஐந்து வருஷம் ஊரில் இருந்தார். நான் ரசீதுகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் மாதவாரியாக அடுக்கி, படுக்கப்போகுமுன் எடுத்து எடுத்துப் பார்ப்பேன். ஒரு மாதம் விட்டுப்போயிருக்குமோ என்ற பயம். விட்டுப்போனதே இல்லை. ஆனாலும் பார்ப்பேன்.

அப்புறம்தான் புதுச் சட்டம் வந்தது என்றார்கள். குழாயடியில் அதே பேச்சு. அட்டைக்காரர்கள் பலபேர் அரசாங்க வீட்டை வாங்கி, அதை அதிக வாடகைக்கு வெளியாளுக்கு விட்டுவிட்டு வேறெங்கேயோ இருக்கிறார்கள், அவர்களைப் பிடிக்கத்தான் இந்தச் சட்டம், இனிமேல் கோர்ட்டு கிடையாது, ஆபீசரே விசாரித்து ஆபீசரே பூட்டுப் போடலாம், வீடு வீடாக சர்வே வரும் என்றார்கள். எல்லாம் உண்மை. அவர்கள் சொல்லாதது ஒன்று அதே சட்டத்தில் இருந்தது. அட்டைக்காரர் இறந்துபோயிருந்தால் கூட இருந்த மனைவியோ பிள்ளையோ சட்டம் வந்த ஆறு மாதத்துக்குள் மனுப் போட்டு அட்டையைத் தங்கள் பேருக்கு மாற்றிக்கொள்ளலாம். இதை ஆபீஸ் நோட்டீஸ் போர்டில் வங்காளத்திலும் இங்கிலீஷிலும் ஒட்டியிருந்தார்களாம். நான் அந்த போர்டை வாரத்துக்கு இரண்டு தடவை கடந்து போனவன். நின்று படிக்கவில்லை. நின்றால் யாராவது "நீ யாரு, எந்த பிளாட்டு" என்று கேட்டுவிடுவார்கள் என்று பயம்.

பயப்படுகிறவன் என்ன செய்வான், ஒத்திகை பார்ப்பான். சர்வேக்காரர் வந்தால் என்ன சொல்வது என்று கடையில் காகிதம் எண்ணும்போதெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். பவானிபூரில் எங்கள் முதலாளிக்கு ஒரு பழைய வீடு உண்டு. அதில் குடியிருக்கிறவர்களைப் பற்றி அவர் தினமும் பல்லைக் கடிப்பார். "பாராட்டேவை எந்தக் கோர்ட்டும் அசைக்காது. கையில ரசீது இருந்தா அவன்தான் ராஜா, நான் பிச்சைக்காரன்." பாராட்டே என்றால் வங்காளியில் வாடகைக்குக் குடியிருப்பவன். தமிழ்க் காதில் அது பாராட்டு மாதிரி விழும். எனக்கு அந்த வார்த்தை மிகவும் பிடித்துப்போனது. ரசீது வைத்திருக்கிறவன், அசைக்க முடியாதவன். நானும் அதுதானே என்று நினைத்தேன்.

அன்றைக்கு மாஷிமாவை அம்மாதான் துணைக்குக் கூப்பிட்டிருந்தாள். வந்த ஆபீஸ்காரர் நாற்காலி வேண்டாம் என்று சொல்லிவிட்டு நின்றபடியே கேட்டார்.

"அட்டைக்காரர் எங்கே?"

"ஊருக்குப் போயிருக்கார்."

"எந்த ஊரு?"

"மெட்ராஸ் பக்கம்."

"எப்ப வருவார்?"

இதற்கு நான் ஒத்திகை பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள். ஆபீஸ்காரரும் அம்மாவைப் பார்த்தார். அவர் பார்வையில் என்ன தெரிந்திருக்கும்? வெள்ளைப் புடவை இல்லை, எங்கள் பக்கத்தில் அப்படிக் கட்டுவதில்லை. வகிட்டில் சிந்தூரமும் இல்லை, கையில் சங்கு வளையும் இல்லை. வங்காளிக் கண்ணுக்கு அவள் யாருடைய மனைவியும் இல்லை, யாருடைய விதவையும் இல்லை.

"நீங்க இவருக்கு என்ன வேணும்? நீங்கல்லாம் யாரு?"

வாய்க்குள் பழகிவைத்திருந்தது அப்படியே கொட்டியது. "ஆம்ரா பாராட்டே, நாங்க பாராட்டே. மாசாமாசம் வாடகை தர்றோம். ஒரு மாசம் தவறினதில்லை. ரசீது இருக்கு." பிஸ்கட் டப்பாவைத் திறந்து நீட்டினேன். பெருமையாகத்தான் நீட்டினேன். எழுதுகிறவர் பேனாவை ஒரு நொடி நிறுத்தி, கேட்டவரைப் பார்த்தார். அவர் தலையசைத்ததும் எழுதினார். என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். வங்காளத்தில் எழுதியிருந்தது. எனக்கு வங்காளி பேசத்தான் வரும், வாசிக்க வராது. போட்டுவிட்டேன்.

மாஷிமா வாயைத் திறக்கவில்லை. அவள் வீட்டிலும் மைத்துனர் குடும்பம் ஒன்று அட்டையில் இல்லாமல் இருந்தது. அவளை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் படியிறங்கின பிறகு, "ஏன் பாபா அப்படிச் சொன்னே?" என்று மட்டும் கேட்டுவிட்டு அவளும் இறங்கிப் போனாள்.

சாயங்காலம் அக்கா வந்ததும் நடந்ததைச் சொன்னேன். துணிப்பையைக் கீழே வைக்காமலே நின்றாள்.

"பாராட்டேன்னா சொன்ன?"

"ஆமா. என்ன தப்பு?"

"நல்லாப் பாராட்டுன போ. ஏல, கூறு இருக்கா உனக்கு? இந்தக் காலனியில அட்டை வச்சிருக்கவன் அலாட்டி. பாராட்டேன்னா அலாட்டிக்குப் பணம் குடுத்து ஒளிஞ்சு குடியிருக்கவன். அதைப் பிடிக்கத்தான அவங்களே வந்திருக்காங்க! அப்பா ஊர்ல இருக்காரு, நாம வாடகை குடுக்கோம். வேற என்ன எழுதுவான்?"

"அவனை எதுக்கு ஏசுத?" என்றாள் அம்மா. "படத்தைக் கழட்டினது நான். அவன் சின்னவன், பயந்துட்டான்."

"இருபது வயசு சின்னவன்," என்றாள் அக்கா. பிறகு அழுதாள்.

மறுநாளே ஆபீசுக்குப் போய் உண்மையைச் சொல் என்றாள். போனேன். கேட் வரைக்கும் மூன்று தடவை போனேன். நாலாவது தடவை அங்கே காக்குவைப் பார்த்துவிட்டேன். அவர் என்னைச் சுவரோரமாகத் தள்ளிக்கொண்டு போய், "சும்மா இரு. இப்ப போய்ச் செத்துட்டார்னு சொன்னா நான் அஞ்சு வருஷமா யாருக்கு ரசீது கிழிச்சேன்னு கேப்பான். நோட்டீஸ் வர மூணு வருஷம் ஆகும். அதுக்குள்ள நான் ரிடையர் ஆயிடுவேன். அப்புறம் நீ என்ன வேணா சொல்லு," என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. ஒன்றும் செய்யவேண்டாம் என்று யாராவது சொன்னால் எனக்கு எப்போதும் நிம்மதிதான்.

நோட்டீஸ் நாற்பது நாளில் வந்தது.

அப்பாவின் பேருக்கு வந்தது. நீர் வீட்டை வெளியாட்களுக்கு விட்டிருக்கிறீர், ஏன் அட்டையை ரத்து செய்யக்கூடாது என்று. கடை முதலாளியின் வக்கீல் ஒருவர் பார்த்துவிட்டு, முதன்முதலாக அந்த மனைவி பிள்ளை விதியைச் சொன்னார். "முன்னாடியே சொல்லியிருந்தா இது ஒரு வேலையே இல்லையே தம்பி. ஆறு மாசம் முடிய இன்னும் மூணு வாரம் இருக்கு. ஓடு." அப்பாவின் மரணச் சான்று, உறவுச் சான்று, அந்த உறவுச் சான்றில் வார்டு கவுன்சிலர் கையெழுத்து. இவ்வளவுதான் வேண்டும்.

நகரசபைக் கட்டடத்துக்குப் போனேன். பாதி வழி நடை, பாதாள ரயிலுக்காகத் தெருவையே தோண்டிப் போட்டிருந்தார்கள். அங்கே ஒரு குமாஸ்தா டீ ஆற்றிக்கொண்டே சொன்னார்.

"கவுன்சிலரா? மன்றம் கலைஞ்சு எத்தனையோ வருஷமாச்சு. கவுன்சிலர்னு யாருமே இல்லை. இப்ப ஒரு அதிகாரிதான் எல்லாத்தையும் பார்க்கிறார்."

"அப்ப அவர் கையெழுத்துப் போடுவாரா?"

"படிவத்துல என்ன போட்டிருக்கு?"

"கவுன்சிலர்னு."

"அவர் கவுன்சிலர் இல்லையே."

அவர் கேலி செய்யவில்லை. யோசித்துத்தான் சொன்னார். டீயில் பாதியை எனக்கு ஊற்றிக் கொடுத்தார். அவருக்கும் வேறு வழி தெரியவில்லை என்று இப்போது தோன்றுகிறது. அந்தப் படிவத்தை எழுதினவர்களுக்குக் கவுன்சிலர் இல்லாதது தெரியவில்லை, கவுன்சிலர் இல்லாதவர்களுக்கு அந்தப் படிவம் தெரியவில்லை. நான் இரண்டுக்கும் நடுவில் பதினெட்டு நாள் நடந்தேன்.

அக்கா, "பள்ளிக்கூடத்துல அப்பா பேரு இருக்குமே," என்றாள். நான் படிப்பிலிருந்து நின்றபோது சான்றிதழ் வாங்கவில்லை. போய்க் கெஞ்சி, பழைய ரெஜிஸ்டரைத் தேடச் சொல்லி, ஒரு தாள் வாங்கிவந்தேன். கவுன்சிலர் கையெழுத்துக்குப் பதிலாக அதைத்தான் நோட்டீசுக்கான விசாரணையில் நீட்டினேன்.

அம்மாவும் நானும் போனோம். விசாரணை என்றால் கோர்ட்டு மாதிரி நினைத்திருந்தேன். ஒரு அறை, ஒரு மேஜை, கரண்ட் இல்லாததால் ஒரு மெழுகுவர்த்தி. ஆபீசர் நடுவயதுக்காரர், கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அட்டையையும் என் ரேஷன் கார்டையும் பள்ளிக்கூடத் தாளையும் மெழுகுவர்த்திப் பக்கம் நகர்த்தி வரிசையாக வைத்தார்.

"அட்டைக்காரர் டைட்டில் இது. உன் ரேஷன் கார்டில டைட்டில் வேற. பள்ளிக்கூடத்துல உன் டைட்டில் இன்னொண்ணு. அப்பன் பிள்ளைன்னா ஒரே டைட்டில் இருக்கவேண்டாமா?"

எங்களுக்கு டைட்டிலே, அதாவது குடும்பப் பேரே, கிடையாது என்பதை அவருக்கு எப்படிச் சொல்வது? கடைசியில் நிற்பது அவரவர் சொந்தப் பேர், முன்னால் நிற்கும் எழுத்து அப்பா பேர் என்று சொன்னேன். பள்ளிக்கூடத்தில் எங்கள் ஊர்ப் பேரை டைட்டில் என்று எழுதிவிட்டார்கள் என்று சொன்னேன். வேகமாகச் சொன்னேன், பாதி வங்காளி, பாதி இந்தி. சொல்லச் சொல்ல எனக்கே பொய் மாதிரி இருந்தது.

"அப்ப உன் பிள்ளைக்கு?"

"அவனுக்கு அவன் பேரு. முன்னால என் எழுத்து."

"அப்ப ஒரு எழுத்தை வச்சு நான் உனக்கு வீடு தரணும்."

பக்கத்தில் இருந்த எழுத்தர் சிரித்தார். ஆபீசர் சிரிக்கவில்லை. "இங்க பாரு," என்றார். "நீ சொல்றது உண்மையா இருக்கலாம். ஆனா நீயே வாடகைக்காரன்னு கையெழுத்துப் போட்டிருக்கே. முன்ன மாதிரின்னா கோர்ட்டுல இழுப்பாங்க, தப்பு நடந்தா ஜட்ஜ் பாடு. இப்ப கையெழுத்து என்னோடது. நாளைக்கு ஒரு ஆள் வந்து, வெளியாளுக்கு வீட்டைக் குடுத்தான்னு என் மேல எழுதினா யார் வருவா? எனக்கும் வீட்டில பிள்ளைங்க இருக்கு."

பிறகு காக்குவைக் கூப்பிட்டார். அவர் கதவோரம் பெஞ்சில் இருந்தார். ரிடையர் ஆக நாலு மாதம். எழுந்து வந்து குடையை முன்னால் ஊன்றி நின்றார்.

"இந்தம்மாவையும் பையனையும் உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"யாரு இவங்க?"

அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா செத்த வீட்டுக்கு முதலில் வந்தவர் அவர். சுடுகாட்டுக்குக் கூட நடந்தவர். அதை இங்கே சொன்னால், செத்தவன் பேருக்குத் தெரிந்தே ரசீது கிழித்ததும் கூடவே வெளியே வரும். அவர் குடையின் கைப்பிடியைத் தேய்த்தார். ரொம்ப நேரம் தேய்த்தார்.

"ஓரா பாராட்டே," என்றார். அவர்கள் பாராட்டே.

நான் சொன்ன அதே வார்த்தை. ஆபீசர் எழுதிக்கொண்டார். படியிறங்கும்போது அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு, "அவரையும் பயம் பிடிச்சிட்டுல," என்றாள். அவ்வளவுதான்.

அப்படியும் அவருக்குப் பென்ஷன் கிடைக்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். எங்களுடையதைப் போலப் பதினொரு வீடு பிடிபட்டதாம். பதினொன்றிலும் ரசீது அவர் கையெழுத்து. ஒருநாள் டிராம் நிறுத்தத்தில் அவரைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். வந்த டிராமில் இருவரும் ஏறவில்லை.

பங்குனியில் பூட்டுப் போட வந்தார்கள். வந்தவர்கள் முரட்டு ஆட்கள் இல்லை. எழுத்தர் ஒருவர், இரண்டு பியூன்கள், ஒரு போலீஸ்காரர். சாமான்களைத் தாங்களே தூக்கிப் படியில் வைத்தார்கள். உடையும் சாமான் எது என்று கேட்டுக் கேட்டு வைத்தார்கள். மாஷிமா வீட்டுக் கதவு சாத்தியே இருந்தது, உள்ளே ஆள் நடமாட்டம் கேட்டது. கடைசியாக அம்மா அரிசி டின்னுக்குப் பின்னால் கை விட்டு அப்பா படத்தை எடுத்தாள். அந்த சர்வே நாளிலிருந்து அது அங்கேதான் இருந்தது. திரும்ப மாட்ட யாருக்கும் தைரியம் வரவில்லை. காய்ந்த மாலையை உதறிவிட்டு, படத்தை நெஞ்சுக்கு முன்னால் வெளியே பார்க்கும்படி பிடித்துக்கொண்டு இரண்டு மாடியும் இறங்கினாள்.

"இப்பம் பாக்கட்டும். எல்லாரும் பாக்கட்டும், அவுக செத்துட்டாவன்னு."

தமிழில் சொன்னாள். யாருக்கும் புரியவில்லை. எழுத்தர் படத்தைப் பார்த்துவிட்டு மரியாதைக்குக் கொஞ்சம் ஒதுங்கி வழிவிட்டார்.

கால்வாய்க்கு அந்தப் பக்கம் தகரக் கூரை போட்ட ஒரு அறை கிடைத்தது. வாடகை மூன்று மடங்கு. மழைக்காலத்தில் பாதி அறைதான் நமக்கு, மீதி தண்ணீருக்கு. அக்காவின் தையல் மெஷினைக் கட்டில்மேல் வைத்திருந்தோம். அங்கேதான் ஒரு பதிவுத் தபால் வந்தது. விலாசம் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று தெரியவில்லை. நான் கையெழுத்துப் போட்டு வாங்கி, ஒரு நாள் முழுக்கப் பிரிக்காமல் வைத்திருந்தேன். அக்கா பிரித்தாள்.

அரசு வீட்டில் உரிமையில்லாமல் இருந்ததற்கு நஷ்டஈடு. அப்பா இறந்த நாளிலிருந்து பூட்டுப் போட்ட நாள் வரைக்கும் அறுபத்து நாலு மாதம். வெளி வாடகை மாதம் நூற்றிருபது, அதில் கட்டின முப்பத்திரண்டு போக எண்பத்தெட்டு. மொத்தம் ஐயாயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு. அதை யார் கட்டவேண்டும் என்ற இடத்தில் அக்கா நின்றாள். திரும்ப வாசித்தாள். இறந்துபோன இன்னாரின் மகனும் சட்டப்படி வாரிசுமான, என்று போட்டு என் பேர். டைட்டில் எதுவும் இல்லை. முன்னால் அப்பாவின் எழுத்து, சரியாக, புள்ளி வைத்து.

அம்மா அந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டச் சொன்னாள். காட்டினேன்.

"மகன்னு போட்டிருக்கா?"

"போட்டிருக்கும்மா."

"அப்பம் இதைக் கொண்டுபோய்க் காட்டுனா வீட்டைத் திருப்பித் தந்துருவான்லா?"

கொண்டுபோனேன். கேட்டில் நிற்காமல் நேரே உள்ளே போனேன், வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். ஜன்னலில் இருந்தவர் தாளைப் புரட்டிப் பார்த்தார். "இது வசூல் செக்ஷன் அனுப்பினது. வீடு குடுக்கிறது அலாட்மென்ட் செக்ஷன். அவங்க ஃபைல்ல நீங்க பாராட்டேதான். ஆறு மாசமும் முடிஞ்சுபோச்சு." பிறகு குரலைத் தாழ்த்தி, "தவணையா கட்டறேன்னு எழுதிக்குடு. இல்லேன்னா வட்டி போடுவாங்க," என்றார். நல்லதுக்குத்தான் சொன்னார். எழுதிக் கொடுத்தேன்.

மாதம் ஐம்பது ரூபாய். நாற்பது மாதம் கட்டினேன். ரசீது அப்பா பேருக்குத்தான் கிழித்தார்கள், என் பேர் கீழே சின்னதாக, மூலம் என்று. பிஸ்கட் டப்பாவில் பழைய ரசீதுகளுக்கு மேலேயே அடுக்கினேன். ஒவ்வொரு மாதமும் அம்மா வாங்கி அந்த எழுத்து இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தருவாள். அவளுக்கு நெஞ்சில் நீர் கோத்துக்கொண்ட வருஷம் மருந்துக்கும் தவணைக்கும் சேர்த்துச் சம்பளம் பத்தவில்லை. நிறுத்திவிட்டேன். அவள் போனபிறகும் கட்டவில்லை. வருஷத்துக்கு ஒரு நோட்டீஸ் வருகிறது. மகனும் சட்டப்படி வாரிசுமான என்று தொடங்கி, கடைசி வரியில் மிச்சம் மூவாயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு ரூபாய்.